அம்மா கூப்பிடாத பேர்

மார்ச் 4

அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதறேன். இங்க நான் நல்லா இருக்கேன், நின்னு நின்னு முட்டி மட்டும் இரும்பாப் போச்சு. அம்மா காது எப்படி இருக்கு? அண்ணிக்கு வாந்தி நின்னுச்சா? நீ எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டேன். கேட்டா "எனக்கென்ன குறை"ன்னு எழுதுவ, அப்புறம் ரெண்டு பக்கத்துக்குக் குறையா எழுதுவ.

போன்ல பேசலாம்தான். பேச ஆரம்பிச்சா நீ குரலை உசத்துவ, நான் படக்குன்னு வெச்சிடுவேன். போன தடவை அப்படித்தான் ஆச்சு. கடுதாசின்னா நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கிட்டு இருந்துதானே ஆகணும்.

விஷயத்துக்கு வரேன். எங்க ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்திருக்கார். காலையில ஒட்டின சிரிப்பை சாயங்காலம்தான் கழட்டுவார் போல. துணிக்கிடங்குல இருக்கற எங்கள்ல இருந்து வாசல் காவல்காரர் வரைக்கும் எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சார். "உங்க பேருக்கு என்ன அர்த்தம், யார் வெச்சாங்க, ஏன் வெச்சாங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கலாம்"னார். இஸ்திரிக்காரர் பிறந்தப்ப மழை கொட்டித் தீர்த்துச்சாம், அதனால அவருக்கு மழையோட பேர். காவல்காரருக்கு அவர் தாத்தா பேர். பாத்திரம் கழுவற அக்காவுக்கு, அவங்க அம்மாவைப் பிரசவத்துல காப்பாத்தின நர்ஸோட பேர். அதைச் சொல்லும்போதே அந்த அக்கா கண்ணு கலங்கிப்போச்சு. ஆளுக்கு ஒரு கதை வெச்சிருக்காங்க.

என் முறை வந்துச்சு. அர்த்தம் சொன்னேன், "நெடுநாள் வாழ்பவள்"னு. மூணாங்கிளாஸ் டீச்சர் சொல்லிக்குடுத்தது. யார் வெச்சதுன்னு கேட்டார். எனக்கே தெரியாது. "எங்க லைன்ல அப்ப எல்லாரும் அதைத்தான் வெச்சாங்க சார்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

பொய் இல்லையே? பொத்தான் கம்பெனி லைன் வீட்டுல என் பேர்ல என்னோட சேர்த்து அஞ்சு பேர் இருந்தோம். பெரியவ, கோணவகிடு, தண்ணித்தொட்டி வீட்டுக்காரி, மூக்குஉறிஞ்சி, நான். வாசல்ல நின்னு யாராவது பேரைக் கூப்பிட்டா அஞ்சு வீட்டுலயும் இருந்து தலை நீட்டுவோம். அப்ப அது தமாஷா இருந்துச்சு. இப்ப யோசிச்சா என்னமோ மாதிரி இருக்கு.

இன்னொண்ணு. அம்மா என்னை ஒரு தடவையாவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா? நான் கேட்டதில்ல. கோபம்னா "ஏய்". கொஞ்சம் நல்லா இருந்தா "மிளகு". பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப டீச்சர் பேரைக் கேட்டாங்க, அம்மா சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னா. அப்பாதான் ஓடி வந்து சொன்னார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உன்னை மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிடுவா. அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலன்னு சின்ன வயசுலயே எனக்கு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

ரெண்டு கேள்வி கேக்கறேன், நேரா பதில் சொல்லு. எனக்கு யார் பேர் வெச்சது? அம்மா ஏன் அதைச் சொல்லல? அப்புறம் ஒரு வேண்டுகோள். உனக்குப் பிறக்கப்போற குழந்தைக்குப் பேர் வைக்கிறதை அம்மாகிட்ட விட்டுடு. அவ வெச்சா அவ கூப்பிடுவா. நான் பட்டது அந்தக் குழந்தைக்கு வேண்டாம்.

பதில் போடு. அண்ணி பார்த்து நடக்கட்டும்.

உன் தங்கச்சி


மார்ச் 29

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைச்சது. இங்க எல்லாரும் நலம். அண்ணிக்கு வாந்தி நின்னு இப்ப பசி பிடிச்சிருக்கு. அம்மா காது அப்படியேதான். நாம கத்தணும், அவ "ஏன்டா கத்தற"ன்னு கேப்பா.

எனக்கென்ன குறை. கம்பெனிதான் சரியில்ல. பெரிய முதலாளி போனதுல இருந்து சின்ன முதலாளி ராஜ்யம். துளை போடற மெஷின் நாலுக்கு ஒண்ணா புது மெஷின் வந்திருக்கு, தானே எடுத்து தானே துளை போட்டு தானே தள்ளுது. சாயத்தொட்டி ஆளுங்கள்ல பாதிப் பேரை அனுப்பியாச்சு. அடுத்தது மெஷின் ஷாப்புன்னு பேச்சு. யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு தெரிய, குழந்தை பிறக்கற மாசம் ஆயிடும். அவர் யார் பேச்சையும் கேக்கற ஆள் இல்ல, அவங்க அம்மா, நம்ம முதலாளியம்மா பேச்சைத் தவிர.

பேர் விஷயம் கேட்டிருக்க. அப்பாதான் வெச்சார். அவருக்குப் பிடிச்சிருந்துச்சு, வெச்சார். நல்ல அர்த்தம்னு நீயே சொல்ற, அப்புறம் என்ன? அம்மா எல்லாரையும்தான் பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடுவா. மேனேஜருக்கு வேலை இல்லன்னா உனக்குமா வேலை இல்ல?

முதலாளியம்மா உன்னை விசாரிச்சாங்க. இப்ப சக்கர நாற்காலியிலதான் இருக்காங்க, ஆனா ஞாபகம் கத்தி மாதிரி இருக்கு. நீ மஞ்சள் கவுன் போட்டு அவங்க வீட்டு மாடிப்படியில நின்ன போட்டோ ஒண்ணு இருந்துச்சே, அது உன்கிட்டதானே இருக்கு? அண்ணி பார்க்கணும்னு ஆசைப்படறா. அனுப்பி வை. பத்திரமா வெச்சுக்கறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. முட்டிக்குத் தைலம் தடவு.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். தைலம் தடவினேன், பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல்கிட்டப் போய்ப் படுத்துக்கிட்டா. அண்ணி என்ன கேட்டாலும் வாங்கிக் குடு, கஞ்சத்தனம் பண்ணாதே.

போட்டோ இதோட வெச்சிருக்கேன். வீட்டை விட்டு வரும்போது நான் எடுத்துட்டு வந்தது இது ஒண்ணுதான். மூலையில மடங்கியிருக்கும், என்னைத் திட்டாதே, அது அப்பாவோட சட்டை உள்பையில கிடந்ததால மடங்கினது. பொத்தான் கம்பெனி மேஸ்திரி, ஆனா அவர் சட்டையில ரெண்டாவது பொத்தான் எப்பவும் இருக்காது. அந்த வழியா போட்டோ எட்டிப் பார்க்கும். யாரைப் பார்த்தாலும் எடுத்துக் காட்டுவார்.

அண்ணிகிட்ட அந்தக் கதையைச் சொல்லு. உனக்கே முழுசாத் தெரியாது. மாசம் ஒரு தடவை கார் வரும், என்னை மட்டும் ஏத்திக்கிட்டுப் போகும். லைன் பிள்ளைங்க எல்லாம் கார் பின்னாடி ஓடி வரும். முதலாளியம்மா என்னைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கவுன் மாட்டி, ஒரு குட்டி நாற்காலியில உக்கார வெப்பாங்க. என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவாங்க. சும்மாவே கூப்பிடுவாங்க. நான் "என்ன"ன்னு கேட்டா ஒண்ணும் இல்லம்மான்னு சிரிப்பாங்க. வீட்டுல யாரும் கூப்பிடாத பேரை அங்க ஒருத்தங்க அப்படிக் கூப்பிட்டா எப்படி இருக்கும்? நான் ஆகாசத்துல மிதந்தேன். சாயங்காலம் கவுனைக் கழட்டி வாங்கிக்கிட்டு என் பாவாடையைக் குடுத்து அனுப்பிடுவாங்க. வீட்டுக்கு வந்தா அம்மா திரும்பவும் ஒரு தடவை குளிப்பாட்டுவா. தேய்க்கற தேய்ப்புல தோல் உரியும். அவளுக்குப் பொறாமைன்னு நினைச்சேன்.

அந்த மஞ்சள் கவுன்தான் கடைசி. போட்டோ எடுத்த அன்னிக்கு அது எனக்கு இறுக்கமா இருந்துச்சு, கையைத் தூக்கினேன், தோள்கிட்ட டர்ருன்னு கிழிஞ்சுபோச்சு. முதலாளியம்மா முகம் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் கார் வரவே இல்ல. நான் வாசப்படியில உக்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருப்பேன் தெரியுமா? கிழிக்காம இருந்திருந்தா வந்திருக்கும்னு இன்னிக்கும் தோணும். இந்த வயசுலயும் எந்தத் துணியைக் கையில எடுத்தாலும் முதல்ல தையலைத்தான் பார்க்கறேன். அதனாலதான் துணிக்கிடங்குல நல்ல பேர் எனக்கு.

நீ என் ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லல. "எல்லாரையும் பட்டப்பேர் வெச்சுக் கூப்பிடுவா"வாம். உன்னை என்ன பட்டப்பேர் வெச்சுக் கூப்பிட்டா, சொல்லு பார்ப்போம். அம்மாகிட்ட கேட்டு எழுது. குழந்தை பேரைப் பத்தியும் ஒண்ணும் எழுதல.

தங்கச்சி


மே 21

தங்கச்சிக்கு,

நலம், நீயும் நலமா இருப்பேன்னு நம்பறேன். வேலை தலைக்கு மேல, அதான் லேட். போட்டோ வந்துச்சு. அண்ணி பார்த்தா. ரொம்ப அழகா இருக்குன்னா.

கம்பெனி விஷயம் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி தெரியுது. இப்பவே எதுவும் சொல்ல முடியாது. வாய்விட்டுச் சொன்னா கலைஞ்சு போயிடும்.

அம்மாகிட்ட எதையும் கேக்கல. அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்குது. பழசைக் கிளறாதே. நீயும் கிளறாதே. குழந்தை நல்லபடியா பிறக்கட்டும், பேரெல்லாம் அப்புறம்.

அண்ணன்


மே 30

அம்மா,

உன் பொண்ணு எழுதறேன். உனக்குக் காது சரியா கேக்காது, போன்ல நீ "சரி சரி"ன்னே சொல்லுவ, எனக்கு அழுகை வரும். கண்ணு நல்லாத்தானே இருக்கு? கீழ்வீட்டுத் தையல்காரம்மாகிட்ட கேட்டுக்கிட்டேன், அவங்க விலாசத்துக்கே அனுப்பறேன். மாத்திரையை விடாம போடறியா? மாடிப்படியில பிடிச்சுக்கிட்டு இறங்கு.

அம்மா, நேரா கேக்கறேன். நீ ஏன் என்னை ஒரு தடவைகூட என் பேரைச் சொல்லிக் கூப்பிடல? நான் பொறந்தது உனக்குப் பிடிக்கலையா? மஞ்சள் கவுனைக் கிழிச்சு அப்பாவுக்குத் தலைகுனிவு வாங்கிக் குடுத்தேன்னு கோபமா? அதுக்கு முன்னாடியும் நீ கூப்பிட்டதில்லையே.

அண்ணன்கிட்ட கேட்டா மழுப்பறான். திட்டறதா இருந்தாலும் பரவாயில்ல, நீயே எழுதித் திட்டு.

மிளகு


ஜூன் 18

மிளகு,

அம்மா எழுதறேன். எழுத்துக் கோணலா இருக்கும், சேர்த்துப் படிச்சுக்கோ. எனக்கு உடம்பு நல்லா இருக்கு. காது மந்தம்தான், இந்த வீட்டுல பேசறதைக் கேக்காம இருக்கறது ஒரு வகையில நல்லதுதான். நீ வேளைக்குச் சாப்பிடறியா? ராத்திரி ஷிப்டு இல்லையே?

அடி பைத்தியமே. உன்னைப் பிடிக்காம எவ பெத்தா?

கேளு. முதலாளியம்மாவுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. மூத்தவர் இந்தச் சின்ன முதலாளி, அவருக்கு அடுத்தது. ஏழு வயசு ஆகறதுக்குள்ள ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு. அந்தம்மா சோறு தண்ணி இல்லாம கிடந்தாங்க. பாவம்தான், நான் இல்லேங்கல. அப்ப எவனோ ஒருத்தன், புதுசாப் பொறந்த தன் பொண்ணுக்கு அந்தப் பிள்ளை பேரை வெச்சுப் பெரிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்க் காட்டினான். அந்தம்மா எழுந்து உக்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாங்களாம். மறுநாளே அவனுக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. அப்புறம் கேக்கணுமா? லைன்ல எவளுக்குப் பொண்ணு பொறந்தாலும் அதே பேர்தான்.

நான் உன்னைப் பெத்து அசதியில தூங்கிட்டு இருந்தேன். உங்கப்பா உன்னைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டார். கண்ணு முழிச்சுப் பார்க்கறேன், பக்கத்துல குழந்தை இல்ல. என் உயிரே போயிடுச்சு. திரும்பி வரும்போது நீ பேரோட வந்த, அவர் மேஸ்திரியா வந்தார்.

நான் ஒரு பேர் யோசிச்சு வெச்சிருந்தேன்டி. வயித்துல நீ இருக்கும்போதே அதைச் சொல்லித்தான் உன்கிட்டப் பேசுவேன். அது யாருக்கும் தெரியாது, உங்கப்பாவுக்கும் தெரியாது. அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், செத்த பிள்ளை பேரை என் வாயால சொல்ல மாட்டேன், என்னை வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டேன்னு. சொன்னது கோபத்துல. ஆனா கோபம் பாதி, பயம் பாதி. அந்தப் பேரை நான் கூப்பிட்டு, அந்தப் பிள்ளை "என்ன"ன்னு கேட்டுக்கிட்டு வந்து, உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா? நீ சிரிப்ப. எனக்கு அப்ப சிரிப்பு வரல. மாசாமாசம் நீ அந்தப் பிள்ளை கவுனைப் போட்டுக்கிட்டு அந்தப் பிள்ளை நாற்காலியில உக்கார்ந்துட்டு வருவ. நான் உன்னைத் தேய்ச்சுக் குளிப்பாட்டினது அதுக்குத்தான். அதை வேற எப்படிக் கழுவறதுன்னு எனக்குத் தெரியல.

கவுனைக் கிழிச்சதாலயா கார் வரல? இத்தனை வருஷம் இதை மனசுல வெச்சுக்கிட்டா இருந்த? நீ வளர்ந்துட்ட, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அதுக்கு மேல கவுன் கிடையாது. அதுதான் அது கடைசியாப் போட்ட கவுன். அடுத்த மாசம் கார் கோணவகிடு வீட்டு வாசல்ல நின்னுச்சு, அவ உன்னைவிட ஒரு வயசு சின்னவ. நீ வாசப்படியில அழுதுக்கிட்டு உக்கார்ந்திருந்த, நான் உள்ள நிம்மதியா அரிசி களைஞ்சேன். என் பிள்ளை தப்பிச்சுதுன்னு.

உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம். உங்கப்பா இருக்கற வரைக்கும் சொல்ல முடியல, அப்புறம் நீ ஊரை விட்டுப் போயிட்ட.

அந்த இன்னொரு பேரைக் காகிதத்துல எழுத மாட்டேன். பேரை முதல்ல காதாலதான் கேக்கணும். நீ வா, சொல்றேன்.

ஒண்ணு கேக்கணும். அந்த மஞ்சள் கவுன் போட்டோவை நீயா உங்கண்ணனுக்கு அனுப்பின? அதைச் சட்டம் போட்டுப் பெரிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். அண்ணிக்குப் பொண்ணு பொறந்தா என்ன பேர்டான்னு கேட்டேன். காது கேக்காதவகிட்ட மெதுவாப் பேசறான். அதுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

அம்மா


ஜூன் 26

அண்ணா,

நலம் விசாரிக்க மனசு வரல. அண்ணியை மட்டும் கேட்டதாச் சொல்லு.

அம்மா எழுதிட்டா. எல்லாத்தையும் எழுதிட்டா. உனக்கு முன்னாடியே தெரியும். நான் பிறந்தப்ப உனக்கு விவரம் தெரியற வயசு, கார் பின்னாடி நீயும் ஓடி வந்திருக்க. இத்தனை வருஷமா நீ, அப்பா, அம்மா, லைன்ல இருந்த அத்தனை பேரும் தெரிஞ்சுக்கிட்டு, என் பேர் எதுக்காக வெச்சதுன்னு எனக்கு மட்டும் தெரியாம பார்த்துக்கிட்டீங்க. "நெடுநாள் வாழ்பவள்"னு நான் பெருமையா அர்த்தம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். நல்ல தமாஷ். அந்தப் பேருக்குச் சொந்தக்காரி ஏழு வயசுகூட வாழல.

அப்பாவை நினைச்சா எரியுது. எடுத்துட்டுப் போய் வெச்சுட்டு வந்திருக்கார், தட்டுல வெச்சு நீட்டற மாதிரி. ஆனா அவரையாவது ஒரு பக்கம் புரிஞ்சுக்கலாம், என்ன ஆகும்னு தெரியாம செஞ்சார். உனக்குத் தெரியும்.

போட்டோ அண்ணிக்கா? அதை நீ எதுக்குக் கேட்டேன்னு இப்பத் தெரியுது. நானும் முட்டாள் மாதிரி கதையெல்லாம் சொல்லி, தபால் செலவும் பண்ணி அனுப்பினேன்.

கெஞ்சிக் கேக்கறேன் அண்ணா. எனக்கு உன்கிட்ட கெஞ்சிப் பழக்கம் இல்ல, உனக்கே தெரியும். பொண்ணாப் பொறந்தா அந்தப் பேரை வைக்காதே. அம்மாகிட்ட ஒரு பேர் இருக்கு. எனக்குன்னு வெச்சிருந்தது. எடுத்துக்கோ, உன் பொண்ணுக்கு நான் தரேன், முழு மனசோட தரேன். அம்மா அவளை வாய்நிறையக் கூப்பிடட்டும். வேலை போச்சுன்னா போகட்டும், இங்க வா, துணி துவைக்கற இடத்துல ஆள் தேடிக்கிட்டேதான் இருக்காங்க. மேனேஜர்கிட்ட நான் பேசறேன்.

ஒரு சேதி. என் சட்டையில குத்தற பேட்ஜை மாத்திக்கிட்டேன். கூப்பிடற பேரைப் போட்டுக்கலாமான்னு கேட்டேன், மேனேஜர் தாராளமான்னார். இப்ப அதுல "மிளகு"ன்னு இருக்கு. பொண்ணுங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இஸ்திரிக்காரர் "உப்பு எங்கம்மா"ன்னு கேட்டார். சிரிக்கட்டும். யார் வெச்சதுன்னு இனிமே கேட்டா எனக்குப் பதில் தெரியும். எங்கம்மா வெச்சது.

உடனே பதில் போடு.

தங்கச்சி


ஜூலை 22

அண்ணா,

எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு நினைக்கறேன். பதில் இல்ல. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கற. அண்ணி எடுத்து, "அவர் ஷிப்டுல இருக்கார்"னு சொல்றா, பின்னாடி நீ இருமற சத்தம் கேக்குது.

பையனாப் பொறக்கட்டும்னு வேண்டிக்கறேன். நான், ஒரு பொண்ணு, இப்படி வேண்டிக்கற நிலைமைக்கு என்னைக் கொண்டு வந்து விட்டுட்டியே.

ஒரு வரி போடு. வைக்க மாட்டேன்னு ஒரே ஒரு வரி.

தங்கச்சி


ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

உன் ரெண்டு கடிதமும் வந்துச்சு. பொண்ணு பொறந்திருக்கா. தாயும் குழந்தையும் நலம். மூக்கு அப்படியே உன் மூக்கு.

பேர் வெச்சாச்சு. என்ன பேர்னு உனக்குத் தெரியும், எழுதத் தேவையில்ல.

நீ என்னைத் திட்டறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். மெஷின் ஷாப்புல பாதிக்கு மேல அனுப்பிட்டாங்க. என்கூடச் சேர்ந்தவன், என்னைவிட வேலை தெரிஞ்சவன், டிபன் பாக்ஸைக் கையில பிடிச்சுக்கிட்டு கேட்டுக்கு வெளிய நின்னான். நான் உள்ள இருக்கேன். ஷிப்டு பொறுப்பு என்கிட்டக் குடுத்திருக்காங்க. அம்மா மாத்திரை, அண்ணி ஆஸ்பத்திரி, வீட்டு வாடகை எல்லாம் யார் பார்க்கறது? நீ அங்க பேட்ஜை மாத்திக்கிட்டுத் தத்துவம் பேசலாம். துணி துவைக்க வரச் சொல்ற. இந்த இருமலோட அந்த ஈரத்துல நான் நிக்கணுமா? அப்பா வெச்ச பேர்லதான் நீயும் படிச்ச, சாப்பிட்ட, வளர்ந்த. உனக்கு என்ன கெட்டுப் போச்சு? ஒரு பேர்தானே. கை காலையா வெட்டிட்டாங்க?

முதலாளியம்மாவைப் பார்த்திருந்தா நீ இப்படிப் பேச மாட்ட. கை நடுங்குது, ஆனா குழந்தையை வாங்கினதும் நடுக்கம் நின்னுபோச்சு. பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பெட்டியைத் திறந்து கவுன் எல்லாம் எடுத்துக் காட்டினாங்க, பூச்சி அரிக்காம வெச்சிருக்காங்க. மஞ்சள் கவுனைத் தோள்ல தைச்சிருக்காங்க. நல்ல தையல், கிழிஞ்சதே தெரியல.

பேர் வைக்கறதுக்கு முன்னாடி அம்மா என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, "ஒரு பேர் சொல்றேன் கேளுடா"ன்னா. நான் கேக்கல, எழுந்து வெளிய போயிட்டேன். கேட்டுட்டா அப்புறம் என்னால முடியாம போயிடும்னு தெரியும்.

அம்மா என்கூட சரியாப் பேசறதில்ல. ஆனா பேத்தியைக் கீழ விடறதில்ல. நீ கவலைப்படற மாதிரி ஒண்ணும் இல்ல, கூப்பிடாமலும் இல்ல. நாள் பூரா "மிளகு, மிளகு"ன்னுதான் கொஞ்சிக்கிட்டு இருக்கா.

குழந்தையைப் பார்க்க வா. கோபத்தை அங்கயே விட்டுட்டு வா.

அண்ணன்


ஆகஸ்ட் 25

அம்மா,

இதையும் தையல்காரம்மா விலாசத்துக்கே அனுப்பறேன். நீ நல்லா இருக்கியா? ராத்திரியெல்லாம் குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு இடுப்பைக் கெடுத்துக்காதே. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

அண்ணன் எழுதினான். அவனுக்கு நான் பதில் எழுதப்போறதில்ல. எழுதினா அசிங்கமா எழுதிடுவேன்.

நீ அவளை மிளகுன்னு கூப்பிடறியாம். பொய் சொல்ல மாட்டேன்மா, ரொம்ப வலிச்சுது. நீ எனக்குக் குடுத்தது அது ஒண்ணுதான், அதையும் எடுத்து அவளுக்குக் குடுத்துட்டியேன்னு. பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத குழந்தை மேல எனக்கு ஆத்திரம் வந்துச்சு. என் வயசுக்கு வெட்கக்கேடு. அப்புறம் யோசிச்சேன். நீ வேற என்ன பண்ணுவ? அந்தப் பேரை உன்னால சொல்ல முடியாது. எதையாவது சொல்லித்தானே குழந்தையைத் தூக்கணும். உன் வாய்க்குப் பழகினது அது.

அவளே வெச்சுக்கட்டும். பேட்ஜைக் கழட்டிக் குடுத்துட்டேன். மேனேஜர் சிரிச்சுக்கிட்டே, "இப்ப என்ன போடறது"ன்னு கேட்டார். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

அந்த இன்னொரு பேரை மட்டும் யாருக்கும் குடுத்துடாதேம்மா. நானேதான் அண்ணனுக்குத் தரேன்னு எழுதினேன், அவன் காதுல வாங்காம எழுந்து போயிட்டான். இனிமே தர மாட்டேன். இப்பவே வந்து கேக்கவும் எனக்குத் தெம்பில்ல. அந்த வீட்டுக்கு வந்தா அந்தக் குழந்தையைத் தூக்கணும், தூக்கினா அழுதுடுவேன். நான் வர வரைக்கும் அது உன் வாயிலயே இருக்கட்டும்.

ஒரு உதவி பண்ணு. கார் வரத் தொடங்கும். நீ தடுத்தாலும் வரும், அண்ணன் ஏத்தி அனுப்புவான். அவ போவா, மிதந்துக்கிட்டு வருவா. நீ தேய்ச்சுக் குளிப்பாட்டாதே, அது வலிக்கும்மா. சாதாரணமாக் குளிப்பாட்டு. அப்புறம் ஒரு நாள் மஞ்சள் கவுன் அவளுக்கும் இறுக்கமாப் போகும். கையைத் தூக்குவா, கிழியும். அதுக்கப்புறம் கார் வராது. அவ வாசப்படியில வந்து உக்காருவா. அன்னிக்கு உள்ள உக்கார்ந்து அரிசி களையாதே. வெளிய வந்து அவ பக்கத்துல உக்காரு. நீ ஒரு தப்பும் பண்ணல, நீ வளர்ந்துட்ட, அவ்வளவுதான்னு சொல்லு. அன்னிக்கே சொல்லிடு.

இப்படிக்கு,
உன் பொண்ணு